‘சொல்ல முடியாது’ என்று சொன்ன தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், அதனால் இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஊருக்கே தலைவலி கொடுப்பவனுக்குத் தலைவலி ஏன் வரப்போகிறது?

போன மாதம் பத்திரிகையில் உன் படம் வந்தது. ‘இந்த ஆண்டு வட்டி குறையும், ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?’ என்று பெரிய பெரிய பொருளாதார நிபுணர்களிடம் கேட்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ‘ஏற்கிறேன்’ என்றார்கள். நாலைந்து பேர் ‘மறுக்கிறேன்’ என்றார்கள். உன் படத்துக்குக் கீழே மட்டும் ‘சொல்ல முடியாது’. அது போதாதென்று, இந்தப் பதிலில் உங்களுக்கு எவ்வளவு உறுதி என்ற கேள்விக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறாய்! தெரியாது என்பதில் இவ்வளவு உறுதியான ஆளை நான் பார்த்ததே இல்லையடா.

நமது சோபா பட்டறைக்குப் புதுத் தையல் மெஷின் வாங்கக் கடன் எடுக்கிற சமயம். வட்டி கடைசிவரை ஒரே அளவில் நிற்கும் கடனா, ஏறி இறங்கும் கடனா என்று வங்கியில் கேட்கிறார்கள். வீட்டிலேயே நிபுணன் இருக்கும்போது வெளியில் யாரைக் கேட்பது என்று உனக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

“தம்பி, சுருக்கமா சொல்லு. வட்டி ஏறுமா, இறங்குமா?”

“ஒரு பக்கம் பாத்தா இறங்கணும் அண்ணே. இன்னொரு பக்கம் பாத்தா ஏறவும் வாய்ப்பிருக்கு. மத்ததெல்லாம் மாறாம இருந்தா...”

“இந்த வீட்ல மத்ததெல்லாம் என்னைக்குப்பா மாறாம இருந்திருக்கு?” என்று உன் அண்ணி சமையலறையிலிருந்து கத்தியது உன் காதிலும் விழுந்திருக்கும்.

சரி, தம்பி கைவிட்டால் என்ன, முக்கால்வாசி நிபுணர்கள் இருக்கிறார்களே என்று ஏறி இறங்கும் கடனுக்கே முடிவு செய்து, மகளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்க் கையெழுத்தும் போட்டேன். நேற்று முடிதிருத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மத்திய வங்கி வட்டியை ஏற்றிவிட்டது என்று டிவியில் சொல்கிறான். முடிதிருத்துபவர் கத்தியும் கையுமாக, “முக்கால்வாசி நிபுணரும் தப்பு சார். உங்க தம்பி தப்பே பண்ணல!” என்று பூரிக்கிறார். பரீட்சையில் வெறும் தாள் கொடுத்தவன் தப்பாக எழுதவில்லை என்று மெச்சுவது போல! ஆத்திரத்தில் துள்ளி எழுந்தேன், பாதி மீசை போச்சு. மீதியையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி கதவைத் திறந்து, “அவர் பட்டறைல இருக்காரு, அங்க போய்ப் பாருங்க” என்கிறாள். அங்கே போய், இனி சிக்கனம்தான் என்று பாதி விளக்கை அணைத்தேனா, இருட்டில் நம்ம வேலையாள் தன் சட்டைக் கையையும் சேர்த்து, துணி மாற்ற வந்த டாக்டர் வீட்டு சோபாவில் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டான். கையை வெட்டித்தான் ஆளை மீட்டோம். பதறாதே, சட்டைக் கையைத்தான்.

இன்று பத்திரிகையைப் பிரித்தால் அதே நிபுணர்கள்! ‘எங்கள் கணிப்பு சரியாகவே இருந்தது’ என்ற கூற்றை முக்கால்வாசிப் பேர் ஏற்கிறார்கள். கணிப்பு சரிதானாம், வட்டிதான் தப்பான பக்கம் போய்விட்டதாம். இதற்காவது நீ வாயைத் திறந்தாயா? ‘சொல்ல முடியாது’. உன்னைப் படிக்க வைத்ததற்கு ஒரு கிளி வளர்த்திருக்கலாம், ஒரு சீட்டையாவது எடுத்துக் கொடுத்திருக்கும்.

இருந்தாலும் நீ என் கூடப்பிறந்தவன். பேரோடும் புகழோடும் நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கிறேன். இதையாவது ‘ஏற்கிறேன்’ என்று ஏற்றுக்கொள்.

இப்படிக்கு,
மீசையிழந்த அண்ணன்

பின்குறிப்பு: தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு என் மகள் சிரிக்கிறாள். “நமக்கு வட்டி ஏறாதுப்பா. ஒரே வட்டிக் கடன்தான் கேட்டு வாங்கினேன். நீங்கதான் கண்ணாடியை மறந்துட்டு வந்து, காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டீங்களே.”

“யாரைக் கேட்டு இப்படிப் பண்ணின?”

“சித்தப்பாவைக் கேட்டுதான். அவ்வளவு படிச்சவரே சொல்ல முடியாதுங்கறாரு, நமக்கு எதுக்கு விஷப்பரீட்சை?”

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, அதனால்தான் அனுப்புகிறேன். ஆனால் ஒரு கவலை: இனிமேல் வட்டி இறங்கிவிட்டால் நமக்கு நஷ்டமாயிற்றே, இறங்குமா? ஒரே வார்த்தையில் பதில் போடு. ‘சொல்ல முடியாது’ என்பது இரண்டு வார்த்தை.