டிக்கெட் இல்லாமல் ஏறிய குடைக்காரி

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் அப்பா நலம், உங்கள் தம்பி நலம், நானும் நிற்கிற அளவுக்கு நலம். நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க ஆண்டவனைத் தினமும் ஒரு தடவையும், உங்கள் மேல் வருத்தம் இருக்கிற நாளில் இரண்டு தடவையும் வேண்டிக்கொள்கிறேன். மூன்று வாரமாக இரண்டு தடவை.

விஷயம் வேறொன்றுமில்லை, 'அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும்' என்று செவ்வாயும் வெள்ளியும் மதியம் நீங்கள் பணம் கட்டி அனுப்புகிற, குடையும் நோட்டுமாக வருகிற அந்தக் குடைக்காரியைப் பற்றித்தான். மாமாவுக்கு ஞாபகம் தப்பியதிலிருந்து இந்த வீடு ரயிலாகிவிட்டது உங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனுஷர், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் டிக்கெட் கேட்கிறார், இல்லையென்றால் விடுவதில்லை. அதனால் பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாக வெட்டி இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன். பால் பொங்கினாலும் சீட்டை நீட்டி, அவர் ஓட்டை போட்டுக் கொடுத்த பிறகுதான் அடுப்பை அணைக்க முடியும். ஒரு நாள் தாளில் போன மாதத் தேதியைப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கோங்க"ன்னு சொல்லி என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு அடுப்பில் இருந்தது அடியோடு தீய்ந்தது. அதிலிருந்து தேதியை நறுக்கிவிட்டு வைக்கிறேன். சாயங்காலம் ஓட்டை போட்ட சீட்டை எல்லாம் எண்ணி நோட்டில் எழுதுவேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் என்றாலும் எண்ணிக்கையில் நான் தவறமாட்டேன். ஒரு நாளைக்கு எழுபத்திரண்டுக்குக் குறைந்ததில்லை.

இப்போது குடைக்காரி. மாமாவுக்குத் துணைக்கு வந்தவள் மாமாவைப் பற்றித்தானே அண்ணி கேட்க வேண்டும்? முதல் நாளே என்னைப் பார்த்து, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?"ங்கிறா. எனக்குச் சுருக்கென்றது. நம்மைக் குறைவாக நினைக்கக்கூடாதே என்று, "பத்து மணி நேரம்"னு சொல்லிட்டேன். எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் உறைத்தது, பத்து மணி நேரம் தூங்குகிற மருமகள் மாமனாரை எப்போது பார்ப்பாள் என்று நீங்கள் கேட்பீர்களே. ஓடிப்போய், "இல்லீங்க, நான் தூங்கறதே இல்ல"ன்னேன். அதையும் எழுதி, அடியில் கோடு வேறு போட்டாள். அடுத்த தடவை, "கடைசியா எப்ப வெளிய போனீங்க? உங்களுக்கு முதுகு வலிக்குதா?" இது வேவு இல்லாமல் வேறென்ன? உங்கள் தம்பியிடம் சொன்னால், "உன்னை வேவு பார்த்து யாருக்கு என்னடி ஆகப்போகுது"ன்னு பேப்பருக்குப் பின்னால் போய்விடுகிறார். அக்கா என்றால் அவருக்கு வாய் திறக்காது.

எனக்குப் புரியாமலில்லை. மருமகளால் முடியவில்லை என்று எழுதி வாங்கி, மாமாவைப் போன தடவை நீங்கள் போட்டோ காட்டினீர்களே, அந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போகிறீர்கள். அங்கே பூச்செடி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, சரி. அவர் டிக்கெட் கேட்டால் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

"நீங்க உள்ள போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்"னு அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வதும் அதற்குத்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துக்கொள்வேன். போன வெள்ளிக்கிழமை மாமா, "டிக்கெட்?"ன்னார். இவள், "இல்லீங்க சார்"ன்னாள். மாமா இறக்கிவிட்டுவிட்டார். வெயிலில் குடையை விரித்துக்கொண்டு அரை மணி நேரம் வாசலில் நின்றாள், மறுபடியும் வந்து மன்னிப்புக் கேட்டு ஏறினாள். சம்பளத்துக்கு வருகிறவள் இவ்வளவு பொறுமையாக இருப்பாளா அண்ணி? அவள் நோக்கமே வேறு.

ஆகவே வெள்ளிக்கிழமையிலிருந்து அவளை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாமாவை நான் எங்கேயும் அனுப்புவதாக இல்லை. இன்றைக்கும் அவள் வந்திருக்கிறாள். என்னைப் படுக்கச் சொல்லியிருக்கிறாள். படுப்பேனா? உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கோபத்தில் எழுதினாலும் உங்களுக்கான பிரார்த்தனையில் குறை வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு மேஜையில் ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்தேன். எழுந்தபோது தெருவிளக்கு எரிகிறது. பதறிக் கதவைத் திறந்தால் மாமாவின் நாற்காலி என் அறை வாசலில். உங்கள் தம்பி ஆபீஸ் பையோடு வெளியே நிற்கிறார், இரண்டு தடவை உள்ளே வரப் பார்த்தாராம். மாமா விடவில்லையாம். "சத்தம் போடாதீங்க சார். உள்ள இருக்கிறவங்க ரொம்ப தூரம் போறவங்க. அவங்க ஸ்டேஷன் வந்தா நானே எழுப்பி விடுவேன்"ன்னாராம்.

குடைக்காரி உங்கள் தம்பி வந்ததும் கிளம்பிவிட்டாளாம், அவள் நோட்டு கூடத்து மேஜையில் திறந்து கிடந்தது. பார்த்தது தப்புத்தான். முதல் பக்கத்தில் 'கவனிக்கப்பட வேண்டியவர்' என்ற இடத்தில் மாமா பெயர் இல்லை. 'மருமகள்' என்று இருக்கிறது. கீழே, உங்கள் கையெழுத்து.

இன்றைய சீட்டு பதினெட்டு. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று வெளியே எடுத்து வந்தேன். மாமா கையை நீட்டி வாங்கி, மூலையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் செல்லும் என்று சொன்னதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். படித்ததும் நீங்களே கிழித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அவள் வரட்டும். அவளுக்கும் ஒரு கட்டு சீட்டு வெட்டி வைத்திருக்கிறேன்.