இரண்டாவது வாய்க்குழாய் யாருக்கு?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

உங்கள் அக்காவின் பிறந்தநாளுக்கு எல்லாரையும் போல ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருக்கக் கூடாதா? கடலுக்கடியில் போகிற பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டீர்கள். முதல் நாளே தண்ணீரைப் பார்த்துத் திரும்பிவிடுவாள் என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவளோ நீச்சல்குளத்தில் எல்லாப் பாடமும் தேறிவிட்டு, "ஏங்க, அடுத்தவங்க வாயில வச்ச குழாய நான் வைக்கமாட்டேன், சொந்தமா வாங்கணும், கூட வாங்க" என்று என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஓட்டலில் தம்ளரைக் கழுவிக் குடித்துத்தான் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைக்குள் கால் வைத்ததுமே திடுக்கிட்டுப் போனேன். சுவர் முழுக்கக் கறுப்பு ரப்பர் உடுப்புகள், தலையில்லாத ஆட்களைப் போலத் தொங்குகின்றன. கடைக்காரப் பெண் முதலில் காற்றடைத்து மிதக்கிற ஒரு சட்டையைக் காட்டினாள். அடுத்து, முழுகுவதற்கு ஈயக்கட்டி கோத்த பெல்ட். "மிதக்கணுமா முழுகணுமா, முதல்ல அத முடிவு பண்ணும்மா" என்றேன். "ரெண்டும் வேணும் சார்" என்கிறாள்! டாக்டர் எடையைக் குறை, குறை என்று தலையால் அடித்துக்கொள்கிறார், இவளுக்கு இடுப்பில் கட்ட ஈயம். அதற்குள் உடுப்பைப் போட்டுப் பார்க்கப் போன உங்கள் அக்கா உள்ளேயிருந்து, "ஏங்க, மூச்சு முட்டுது!" என்று அலறினாள். ஓடினேன். முதுகுப் பக்கம் வர வேண்டிய ஜிப்பை முன்பக்கம் போட்டுக் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கிறாள். நானும் கடைக்காரப் பெண்ணும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உரித்ததில், உடுப்போடு நான் போய்ச் செருப்பு அலமாரியில் விழுந்தேன்.

இதெல்லாம் போகட்டும். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி மாஸ்க்கைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து, கையை விட்டுவிட வேண்டுமாம். விழாமல் நின்றால் அளவு சரி. உங்கள் அக்காவுக்குப் பசை போட்டது மாதிரி நின்றது. "நீங்களும் சும்மா வச்சுப் பாருங்க சார்" என்று என்னிடம் நீட்டினாள். எவ்வளவு இழுத்தும் பொத்தென்று விழுந்தது. அந்தப் பெண் என் முகத்தை உற்றுப் பார்த்து, "மீசை சார். அது வழியா காத்து போயிடுது. எடுத்துட்டா நிக்கும்" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் முகத்தில் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான் மாப்பிள்ளை!

கடைசியில் ரெகுலேட்டர். எனக்குத் தெரிந்து அது சமையலறையில் சிலிண்டர் மேல் இருப்பது. இதுவும் சிலிண்டர் மேல்தான் இருக்கிறது, ஆனால் மூச்சுவிட அதன் குழாயை வாயில் கவ்வ வேண்டும். பார்த்தால் வாய்க்குழாய் இரண்டு. "ஒரு வாய்க்கு எதுக்கும்மா ரெண்டு?" என்றேன்.

"அது கூட வர்ற ஜோடிக்கு சார். அவங்களுக்குக் காத்து தீர்ந்துட்டா இதக் குடுக்கணும். தனியா யாரையும் எறக்க மாட்டாங்க."

"இவளுக்கு யாரு ஜோடி?"

"வகுப்புல கூடப் படிக்கிற பல் டாக்டர்" என்றாள் உங்கள் அக்கா, மிதக்கிற சட்டையின் பக்கிளைப் பார்த்துக்கொண்டே. "உங்களச் சேத்துக்கலாமான்னுதான் முதல்ல கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வரமாட்டாருன்னு நான்தான் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மீனும் பயமில்லை, ஆழமும் பயமில்லை. கீழே அவளுக்கு மூச்சு முட்டினால், நான் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பேன். அதுதான் பயம். என் பேச்சைக் கேட்கமாட்டாள், தம்பி சொன்னால் கேட்பாள். உடனே போன் போட்டு, இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி நிறுத்துங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தரையிலேயே பார்க்கக்கூடிய வேலைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சலூனுக்குப் போய் வந்துவிட்டேன். உங்கள் அக்கா கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். மாஸ்க் நிற்கிறது. நாளை முதல் எனக்கும் வகுப்பு. பல் டாக்டருக்கு வேறு ஜோடி பார்க்கச் சொல்லியாகிவிட்டது. போன் செய்ய வேண்டாம். செய்தால், அந்த இரண்டாவது வாய்க்குழாயைக் கழுவாமல் எனக்குத் தரலாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.