அட்டைப்படத்தில் இருக்கும் ஆண் கரடி குறித்து

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், படங்களைத் தேர்ந்தெடுத்த மூன்று நடுவர்களும், முக்கியமாக அவர்களுடைய கண்பார்வையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம். உங்கள் இதழ் வந்து சேரும்வரை இன்னும் நலமாக இருந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். காட்டுயிர் உருவப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்றதாக இந்த மாத அட்டையில் ஒரு கரடியைப் போட்டு, கீழே 'முதிர்ந்த ஆண் கரடி, தனிமையில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கரடி நான். வயது நாற்பத்து நான்கு. வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவள். தனிமை என்று சொன்னதில் எனக்குப் புகார் இல்லை. மற்ற மூன்று சொற்களுக்கும் அடுத்த இதழில் மறுப்பு வெளியிட வேண்டும்.

படத்தை எடுத்தவர் என் கணவர். வங்கியில் தணிக்கையாளர், அடுத்தவர் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால் மோப்பம் பிடித்துவிடுவார். எங்களுடையது ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு. கொல்லை வேலி பாதி சாய்ந்து கிடக்கிறது, அதற்கு அப்பால் காடு. கொல்லையில் இருக்கும் அத்தி மரத்துக்குப் பழக்காலத்தில் கரடி வரும் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் போகிறபோக்கில் சொல்லிவைக்க, இவர் ஒரு லென்ஸ் வாங்கி வந்து, கரடிகளைப் படம் எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை மனப்பாடம் செய்தார். விலங்கின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டுமாம். ஈரத் தரையில் குப்புறப் படுத்தார், பிறகு எழுப்பிவிட என்னைக் கூப்பிட்டார். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டுமாம். என் துணிக்கொடியை அறுத்தார். விலங்கு பார்க்கும் திசையில் வெற்றிடம் விட வேண்டுமாம். அந்த வெற்றிடத்தில் என் ரோஜாச் செடி இருந்தது, இப்போது இல்லை. கருப்பு ரோமம் படத்தில் சாம்பலாக வெளிறிப் போகுமாம், அதனால் வெளிச்சத்தை முன்கூட்டியே சோதித்து வைக்க வேண்டுமாம். சோதிப்பதற்குக் கருப்பாக, உருண்டையாக, சொன்னால் அசையாமல் உட்காரும் ஒன்று தேவை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து விடிந்ததும் கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் மரத்தடிக் கல்லில். இலைதழை செருகிய பச்சைத் துணிக்குள் அவர்.

"தலைய கொஞ்சம் இடது பக்கம் திருப்பு."

"எனக்கு இடதா, உங்களுக்கு இடதா?"

"கரடி கேள்வி கேக்காது."

"கரடி அடுப்புல பால் வச்சுட்டு வராதுங்க."

ஒருநாள் நல்ல பனிமூட்டம். பால் ஞாபகம் வந்து எழுந்து உள்ளே போனேன். அவர் துணிக்குள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. பொங்கி வழிந்ததைத் துடைத்து, நாலு பாத்திரமும் கழுவிவிட்டு வெளியே வந்தால், முகமெல்லாம் மலர்ந்து நிற்கிறார். "இன்னைக்குத்தான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல நீ." பாராட்டு வரும்போது விசாரணை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவர் எடுத்த நிஜக் கரடிப் படங்கள் பெரும்பாலும் கரடியின் பின்புறம். போட்டிக்கு அனுப்பியபோது அவற்றோடு இதுவும் கலந்து போய்விட்டது. இதழ் வந்த அன்றே கேட்டேன்.

"இது பால் பொங்கின நாளுங்க. இது நான்."

"தேதியப் பாத்தேன். நீதான்."

"அப்ப எழுதிச் சொல்லுங்க."

"மூணு நடுவர் பாத்து கரடின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. தணிக்கை முடிஞ்ச கணக்க நான் எப்படித் திறக்கறது?"

நாத்தனார் வேறு தொலைபேசியில் கூப்பிட்டுத் தம்பியைப் புகழ்ந்தார். "அந்தக் கரடியப் பாத்தியா? எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கு. நீயும் இருக்கியே."

நடுவர்களில் ஒருவர் எழுதிய குறிப்பைப் பலமுறை படித்தேன். 'முன்துருத்திய முகவாய்' என்பது, குளிருக்குக் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டது. 'நெஞ்சில் வெண்பிறை' என்பது கழுத்தில் சுற்றிய துண்டு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசியில், 'யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்ட கண்கள். அதில் வருத்தமும் இல்லாத கண்கள்' என்று எழுதியிருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரிகிறது, அவருக்கு எப்படித் தெரிந்தது? என்னைச் சரியாகப் பார்த்த ஒரே மனிதர் என்னைக் கரடி என்று நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அதுதான் ஐயா தாங்கவில்லை. ஆகவே அந்த வரிகளில் கை வைக்க வேண்டாம். அவை ஒரு பெண்ணைப் பற்றியவை என்று மட்டும் போட்டுவிடுங்கள். அத்தாட்சி வேண்டுமென்றால் படத்தின் இடது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் நீல ரப்பர் செருப்பு தெரியும்.

மறுப்பு வரும்வரை கல்லில் உட்கார மாட்டேன் என்று என் கணவரிடமும் சொல்லிவிட்டேன். "வராம எங்க போயிருவே" என்று அவர் காலையிலிருந்து துணிக்குள் காத்திருக்கிறார்.

நடுவர்களுக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள். உங்கள் இல்லத்தார் எல்லா வளமும் பெற்று, எந்த இதழின் அட்டையிலும் இடம்பெறாமல் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பரிசு பெற்றவரின் மனைவி

பின்குறிப்பு: செருப்பு இருக்கும் இடத்தை வட்டமிட்டு அனுப்பலாம் என்று, விடுதியில் படிக்கும் மகள் விட்டுச்சென்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை இப்போதுதான் தேடி எடுத்துப் பார்த்தேன். செருப்பு இல்லை. விரல் நீளத்துக்கு நகங்கள் இருக்கின்றன. மறுப்பு வேண்டாம். அந்த வரிகளும் அதற்குச் சொந்தமானவையே. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் பால் இறக்கப் போன நேரத்தில் கல்லில் வந்து உட்கார்ந்து, எந்த இடது என்று கேட்காமல் திரும்பியது யார் என்று இப்போது புரிகிறது. அவரிடம் சொல்லலாம் என்று எழுந்தால், கொல்லையிலிருந்து அவர் குரல் கேட்கிறது. "வந்துட்டியா, எனக்குத் தெரியும். ரொம்ப நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் கிட்ட வா." நான் அடுப்படியில் இருக்கிறேன்.