சார்ஜர் ஃபேனும் யூதச் சட்டமும்

உலகில் நீதி தழைத்து நிற்கும் இடங்கள் இரண்டே. ஒன்று எதுவென்று எனக்குத் தெரியாது. மற்றது பர்மிய மண்ணில், தாமுவேயில் இருக்கும் எங்கள் தமிழர் பண்பாட்டுக் காப்புச் சங்கம். அதன் செயலாளர் அடியேன்.

சித்திரை விழாவுக்கு, நகரின் இன்னொரு கோடியான இன்சீனிலிருந்து கைக்குழந்தையோடு வந்த புஷ்பா, தன் சார்ஜர் ஃபேனை எங்கள் மண்டபத்தில் மறந்துவிட்டுப் போனாள். வழக்கம்போல் கரண்ட் இல்லை. எனவே அந்த ஃபேனை மேஜைமேல் ஓடவிட்டு, அதன் காற்றிலேயே, அதை என்ன செய்வது என்று செயற்குழு ஆழ்ந்து விவாதித்தது.

தலைவர் ராஜரத்தினம் எழுந்தார். நகரத்து யூதக் கோயிலைப் பார்க்க வந்த யூதப் பயணி ஒருவர் தங்கள் சட்டத்தை அவருக்கு விளக்கியிருந்தாராம்.

"மறந்த பொருள் வேற, கைவிட்ட பொருள் வேற. மறந்ததுன்னா உடையவங்களைத் தேடிக் குடுக்கணும். 'ஐயோ போச்சே'ன்னு அவங்க மனசு விட்டுட்டா, எடுத்தவனுக்குச் சொந்தம்!"

"அவ்வளவுதான் சட்டமா?" என்றேன்.

"இன்னும் ஏதோ சொன்னாரு. அதுக்குள்ள டீ வந்துடுச்சு."

உடையவர் மனம் விடும்வரை பொருளைப் 'பாதுகாப்பது' என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுவாரமே புஷ்பா நகரைச் சுற்றும் வட்ட ரயிலில் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை, அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"ஊ ராஜரத்தினம்," என்று பர்மிய மரியாதையோடு அழைத்தாள். "என் ஃபேனைக் குடுங்க. மீ போனா, கரண்ட் இல்லாத புழுக்கத்துல பிள்ளை தூங்கவே மாட்டேங்குது."

"அடையாளம் சொல்லும்மா."

"பின்னாடி வாத்து ஸ்டிக்கர்."

"வாத்து எந்தப் பக்கம் பார்க்குது?"

"இடது பக்கம்."

தலைவர் ஃபேனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "வலது பக்கம்ல பார்க்குது!"

அடுத்த முறை வந்தபோது பொருளாளர் இல்லை. அதற்கும் அடுத்த முறை, அவர் இருந்தார், பீரோ சாவி இல்லை. ஒவ்வொரு முறையும் தலைவர் கனிவோடு கேட்பார்: "மனசு விட்டுச் சொல்லும்மா, மனசு விட்டுப் போச்சா?"

"இல்லைங்க."

கடைசியாக அவள் வந்த அன்று, எங்கள் சட்டைக் காலர்கள் அதே ஃபேன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. வாசலில் நின்று பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஐயோ, போச்சே!"

செயற்குழு கை தட்டியது. தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "சொல்லிட்டாங்க! இனி இது சங்கத்துச் சொத்து!"

"ஃபேனைச் சொல்லலைங்க." நேரே வந்து அதைத் தூக்கி, குழந்தைப் பக்கம் திருப்பினாள். "இது என்னோடதுதான். நம்ம சங்கம், நம்ம சங்கம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க, அதுதான் போச்சு."

ஃபேனோடு படியிறங்கிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை, எங்களுக்கு ஏற்கெனவே வேர்த்துவிட்டது.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். உடையவர்கள் மனம் விட்டுவிட்ட பொருள், எடுத்தவருக்குச் சொந்தம். அதன்படி எங்கள் சங்கம் இப்போது தாமுவேத் தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள். இதுவரை ஒருவரும் குனியவில்லை.