சட்டையைக் கழித்த கொப்பி மிஸ்ஸி

இந்த உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் யாராவது எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அது பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொப்பி மிஸ்ஸியாகத்தான் இருக்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக வந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துப் போகும் மருத்துவ மாது அவர். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. கையிலிருந்த தடித்த நோட்டுக் கொப்பி அதை மறைத்துவிட்டது.

அதில் பிள்ளையின் நிறை மட்டும் இருக்காது. வரும் வழியில் பனி எந்த மரம் வரை இறங்கியிருந்தது, எந்த வீட்டு நாய் குரைத்தது, தாய் சிரித்தாளா, எல்லாம் இருக்கும். அவருடைய மாத அறிக்கையைப் படித்த பெரிய டொக்டர், படிவக் கட்டத்தில் கேட்டதை மட்டும் எழுதும்படி சொல்லி அனுப்பினாராம். மிஸ்ஸி அதையும் தேதி போட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான் மாதத்துக்கு ஒருமுறை நிறுப்பார். உத்தரத்தில் தராசு, தராசில் துணித்தொட்டில். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் மேகத்தில் ஆடுவதுபோல இருக்கும். வேலைக்குப் போகிற வழியில் நான் மூலையில் நின்று பார்ப்பேன். வேலை மறந்துபோகும்.

எங்கள் மகள் பிறந்தபோதே சிறியவள். நிறையைக் குறிக்கும் கார்டில் அவளுடைய கோடு ஏற வேண்டும் என்பதுதான் என் மனைவி செல்வியின் கவலை. முதல் மாதம் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டுக் கொண்டுபோனாள். அடுத்த மாதம் இரண்டு. அதற்கடுத்த மாதம் மூன்று. கோடு அழகாக ஏறியது. நான்காம் மாதம் தராசு ஆடியபோது, சட்டைக்குள்ளிருந்து ஓர் உருளைக்கிழங்கு விழுந்து மிஸ்ஸியின் காலடிக்கு உருண்டது.

மிஸ்ஸி அதை எடுத்து, துடைத்து, நிறுத்து, எழுதினார். பிறகுதான் செல்வியைப் பார்த்தார்.

"கொழுந்து நிறுக்கிறப்ப தண்ணிக்கின்னு கழிக்கிறாங்கல்ல மிஸ்ஸி. இந்தப் பனியில நீங்களும் கழிச்சிருவீங்கன்னு தான் கொஞ்சம் கூட வச்சேன்."

சுற்றியிருந்த தாய்மார் தலை குனிந்துகொண்டார்கள். சற்று நேரத்தில் பல பிள்ளைகளின் சட்டைகள் சத்தமில்லாமல் இலேசாயின.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினார். மாதாமாதம் எத்தனை சட்டை, என்ன நிறம் என்று எழுதியிருந்தது. அந்தச் சட்டைகளைக் கேட்டு வாங்கித் தனியாக நிறுத்துக் கழித்தார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மூணு மாசமா புள்ள வளரலண்ணே. சட்டைதான் வளந்திருக்கு."

அன்றைக்கே ஒரு மரக்கறி லொறியை மறித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஏதோ ஒரு கிருமி வெகுநாளாக உள்ளே இருந்து பிள்ளையைத் தின்றிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் சட்டைகளை நம்பியிருந்தால் கடினம் என்றார் டொக்டர்.

மருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்து, சட்டையில்லாமல் வெறும் மேலோடு மிஸ்ஸி அவளை நிறுத்தார். முள் ஏறி நின்றது. மிஸ்ஸி எழுதவில்லை. பிள்ளையைத் தூக்கித் தன் கம்பளிக்குள் பொத்திக்கொண்டு, பனியைப் பார்த்தபடி நின்றார்.

ஆட்கள் முன்னால் வாய் திறக்காத நான் கேட்டேன்: "மிஸ்ஸி, எழுதலீங்களா?"

"இருங்கண்ணே. எழுதுவோம்."

மிஸ்ஸியின் பேனா தரையில் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நீட்ட மனம் வரவில்லை.