மொய் மேசையில் ஒரு கணக்கு வாத்தியார்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு அறிவு வெளிநடப்புச் செய்துவிடும். ("அதுக்கு முன்னாடி உள்ள இருந்துச்சாக்கும்!" என்பாள் என் மனைவி.)

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியார். புயலில் போன ஆய்வுக்கூடக் கூரைக்கு நிதி திரட்டத் தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரின் பெரிய ஜவுளிக்கடை, பத்து ரூபாய்ப் பரிசுக் கூப்பனை அட்டையில் அச்சடித்துத் தரும். நாங்கள் பெற்றோரிடம் விற்போம். கூப்பனுக்கு ஒரு ரூபாய் பள்ளிக்கு, மீதி கடைக்கு.

"கூரை வந்துச்சுன்னா உங்க வேலை நிரந்தரம் தம்பி. வரலேன்னா..." என்று இழுத்தார். அந்த இழுவை என்னைச் சைக்கிளில் ஏற்றித் தலத்தெரு முதல் திருமலைராயன்பட்டினம் வரை துரத்தியது.

"துணி எடுக்கலேன்னா என்னங்க, கல்யாணத்துல மொய்யா வச்சிரலாம்!" என்று நானே ஒரு வசனம் கட்டினேன். அமோக விற்பனை.

அடுத்த முகூர்த்தத்தில் கடை முதலாளியின் மகளுக்கே கல்யாணம். மண்டபத்தில் ஒரு மாணவனின் அப்பா, தருமபுரத்துக்காரர், கையிலிருந்த கவரைத் தட்டிக் காட்டினார்.

"நீங்க வித்த சீட்டுதான் வாத்தியாரே!"

"ஐயோ, அவரு கடைச் சீட்டை அவருக்கேவா வைக்கிறீங்க?"

"அதான் வசதி. மாத்துறதுக்கு அவரு எங்கயும் அலைய வேணாம் பாருங்க."

வரிசையைப் பார்த்தேன். பாதிப் பேர் எங்கள் பள்ளிப் பெற்றோர்! முதலாளி பிரித்துப் பார்த்தால் திட்டம் போச்சு, கூரை போச்சு, நானும் போச்சு. மேசையில் மொய் எழுதிக்கொண்டிருந்தவரைப் பந்திக்கு அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். பெயரை எழுதுவேன், கவரைத் தடவுவேன், அட்டை தட்டுப்பட்டால் சட்டைக்குள் தள்ளுவேன். (கொண்டுபோய் என்ன செய்வதாக உத்தேசம்? எனக்கும் தெரியாது.) அரை மணியில் ஏழு மாதக் கர்ப்பிணி போலாகிவிட்டேன்.

"வாத்தியாரே, வயித்துல என்னங்க?" என்றார் முதலாளியின் மச்சான்.

"வாயு..."

பதறி எழுந்தேன். பேண்டுக்குள் செருகியிருந்த சட்டை வெளியே வர, வாயு கவர் கவராகத் தரையில் கொட்டியது.

"மொய்த் திருடன்!" என்று யாரோ கத்த, நாயனமே ஒரு கணம் நின்றது. முதலாளி ஓடிவந்தார். அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஒரு கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பட்டுவேட்டி அவிழும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏங்க, இதுக்குக் காசு எனக்கு முன்னாடியே வந்துருச்சு. துணியும் கடையை விட்டுப் போகலை. அப்புறம் எனக்கென்ன நட்டம்? நீங்க கணக்குப் பாடமா நடத்துறீங்க?"

கூரை வந்தது, வேலையும் நிரந்தரமானது. அந்தப் பட்டப்பேரும்தான்.

போன மாதம் என் மகள் கல்யாணம். கன்னிகாதானத்துக்காகக் கழற்றி வைத்த சட்டையை மறுபடி மாட்டப் போனேன். மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் அத்தான். மொய் எழுதி முடியட்டும்."