காலை முகத்துக்கு ஒரு பதவி

குடிநீர் அலுவலக வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் பொறி ஒன்றை மாட்டினார்கள். ஊழியர் யார், வழிப்போக்கர் யார் என்ற நெடுநாள் குழப்பம் இத்துடன் நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டதாக நிர்வாக அதிகாரி அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். குழாய்ப் படம் வரையும் வரைவாளர் மட்டும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால், ஒற்றைக்காலில் நின்று கைதட்டினார்.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை விழுங்கினால் ஆள் பாட்டுக்கு ஆயுசோடு இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாத்திரை உயிரைக் காப்பாற்றியது. கூடவே தன் சேட்டைகளையும் காட்டியது. குமட்டலுக்குப் பயந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் விழுங்குவார். கால் சுண்டி இழுக்கும். தோல் வெளுத்துக்கொண்டே வந்தது. காலையில் கண் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருக்கும், மத்தியானத்துக்குள் தானாக வடிந்துவிடும்.

பொறிக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. காலையில் "அறிமுகம் இல்லாத நபர்" என்று விரட்டியது. மத்தியானம் "நல்வரவு" என்றது.

"சார், நான்தான் சார்," என்றார் வரைவாளர்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியணுமே," என்றார் அதிகாரி. "மத்தியானமா வாங்க."

"அரை நாள் சம்பளம் போயிடுமே சார்."

"போய்த்தானே ஆகணும்."

"மாத்திரையால வீங்குது சார்."

"அப்ப நிறுத்திடுங்க."

"நிறுத்தினா செத்துடுவேன் சார்."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "செத்தவங்களுக்கு வருகைப் பதிவுல விலக்கு இருக்கு," என்றார், நல்லெண்ணத்தோடுதான்.

கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. வீங்கிய முகத்தைத் தனி ஊழியராகப் பதிவு செய்து, 'காலை வரைவாளர்' என்று ஒரு பதவியே உருவாக்கிக் கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் பழைய வரைவாளர். கேள்விப்பட்ட மனைவி, "ரெண்டு பேரா இருக்கீங்களே, ஒருத்தராவது வீட்டுல துணி காயப்போடலாம்ல?" என்றாள்.

சிக்கல், மாத்திரையை இலவசமாகத் தரும் அலுவலக மருந்தகத்தில் தொடங்கியது. காலையில் மாத்திரை வாங்கப் போனார்.

"நீங்க புதுசா சேந்தவரு. உங்களுக்கு ஒரு நோயும் இல்லையே," என்றார் மருந்தாளர்.

மத்தியானம் போனார்.

"வீக்கத்தையே காணோமே. குணமாயிட்டீங்க போல. சந்தோஷம்."

வரைவாளர் வெறுங்கையோடு திரும்பினார். வெளியே வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். இது தீர்ந்தால் நாமும் தீர்ந்தோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் தோல் வந்து காப்பாற்றியது. அலுவலகக் குழுப் படம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்து, எல்லாரும் முகத்துக்கு எதையெதையோ பூசிக்கொண்டிருந்த சமயம்.

"என்ன க்ரீம் சார் போடுறீங்க? இப்படி வெளுத்துட்டீங்க?" என்று தட்டச்சர் அம்மா கேட்டார்.

"ரத்தப் புற்றுநோய் மாத்திரைம்மா."

"எந்தக் கடையில கிடைக்கும்?"

செய்தி அதிகாரியின் காதுக்கு எட்டியது. நோயாளிக்கு வழியில்லாத மாத்திரைக்கு, 'ஊழியர் தோற்றப் பொலிவுத் திட்டம்' என்ற தலைப்பில் அன்றே அனுமதி கிடைத்தது. நோய் இல்லாதவர்கள் சாப்பிடக் கூடாது, ஆபத்து என்று வரைவாளர் கெஞ்சினார். தான் மட்டும் வெளுக்கப் பார்க்கிறார் என்று ஏசினார்கள். அவரும் வரிசையில் நின்றார்.

"நோய்க்குன்னா தர முடியாது. அழகுக்குத்தானே?" என்றார் மருந்தாளர்.

"அழகுக்குத்தான்," என்று தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அதன்பின் வாராவாரம் ஓர் அட்டை கிடைத்தது.

படம் எடுக்கும் நாளன்று காலையில் அலுவலகமே வாசலில் நின்றது. எல்லார் முகமும் வீங்கியிருந்தது. பொறி ஒருவர் விடாமல் விரட்டியது. வரைவாளர் முகத்தை நீட்டினார். "நல்வரவு" என்று திறந்த கதவு, அவர் உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

அதிகாரி கண்ணாடிக் கதவைத் தட்டினார். "யோவ், நான்தான்யா."

"நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியணுமே. மத்தியானமா வாங்க."

"அரை நாள் சம்பளம் போயிடுமேய்யா."

"போய்த்தானே ஆகணும்."

வரைவாளருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில் கால் சுண்டி இழுத்தது. போன வாரத்து அட்டை நேற்றோடு காலி. நொண்டிக்கொண்டே மருந்தகத்துக்குப் போனார். அலமாரி பூட்டியிருந்தது. வாசலுக்குத் திரும்பி வந்து பார்த்தார். சாவி மருந்தாளரின் இடுப்பில் தொங்கியது. மருந்தாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கண் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து திறக்கக் கதவில் கைப்பிடியும் இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. வரைவாளரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மத்தியானம் வரட்டும் என்று உட்கார்ந்தார்.